ஓடிபி சித்தப்பா

அத்தியாயம் 3

"கையை எடும்மா! அந்தப் பட்டன்ல இருந்து முதல்ல கையை எடு!"

போனில் கத்தியபடியே மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள் மாஜி. மறுமுனையில் ஒரு பெண் குரல் அழுகைக்கு நடுவே எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

"அழுத்திட்டியா? இல்லையே? நல்ல பொண்ணு. லேப்டாப்பை அப்படியே மேசை மேல வச்சுட்டுத் தள்ளி உட்காரு. நான் வர்ற வரைக்கும் அது பாம்புன்னு நினைச்சுக்கோ."

பின்னால் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்த ரேடியோ மூன்றாவது மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"லிஃப்ட் கம்பெனி ஆபீஸ். இங்க லிஃப்ட் ரிப்பேர். பல் டாக்டருக்குப் பொக்கை வாய் மாதிரி இருக்கு மேடம்."

"பேசற மூச்சுல நாலு படி ஏறலாம், வாய்யா."

மாஜி ஒரு காலத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டர். மேலதிகாரி ஒருவரின் முகத்துக்கு நேராகத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வந்த நாளிலிருந்து ஊருக்கு அவள் வெறும் மாஜி. இப்போது துப்பறிவது தொழில். ரேடியோ முன்பு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவன். ஆளாளுக்குக் கையில் கேமரா வந்ததும் கடையை மூடிவிட்டு இவளிடம் ஒட்டிக்கொண்டான். நாற்பது வயது, கொஞ்சம் தொப்பை, மூட முடியாத வாய்.

இன்று காலை அலுவலகம் திறந்ததும் வந்து நின்றவர் ஒரு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்.

"என் தம்பியைக் காணோம் மேடம்."

"எப்ப இருந்து?"

"காலையில இருந்து."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். சிரிச்சாங்க."

ரேடியோவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மாஸ்டர் உட்கார்ந்திருந்த விதம் அவன் வாயை அடைத்துவிட்டது. மனுஷன் வலது காலால் தரையை அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்துக் கற்றுக்கொடுத்து வந்த பழக்கம். பயம் வந்தால் இல்லாத பிரேக்கைத் தேடும் கால்.

"ஆள் மெதுவா கிடைச்சாலும் பரவாயில்லை மேடம்" என்றார் அவர். "போன் உடனே கிடைக்கணும்."

விஷயம் இதுதான். மாஸ்டரின் மகள் நிலநடுக்கத்தைப் பற்றிப் படிக்க ஆசைப்படுகிறாள். வெளியூர்ப் பல்கலைக்கழகம். முழுச் செலவும் அவர்களே ஏற்கும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதற்கான தேர்வு இன்று மாலை நாலு மணிக்கு, வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில். புது லேப்டாப் வாங்கியாயிற்று. அதைப் பிரித்து, மாட்டி, பதிவுசெய்து, தேர்வுக்கான மென்பொருளையும் ஏற்றிக் கொடுத்தது சித்தப்பா. எந்த மெஷினில் பதிவு செய்தோமோ அதில்தான் தேர்வு திறக்கும், வேறு எதிலும் திறக்காது.

இரவோடு இரவாக அந்த லேப்டாப் தன்னைத்தானே அணைத்துப் புதுப்பித்துக்கொண்டு எழுந்தது. எழுந்ததும் முதல் கேள்வி: 'இது நீங்கள்தானா? 47 என்று முடியும் எண்ணுக்கு அனுப்பிய குறியீட்டை இடவும்.'

47 என்று முடிவது சித்தப்பாவின் நம்பர். சித்தப்பா விடியற்காலையிலேயே கிளம்பிப் போய்விட்டார். கூப்பிட்டால் மணி போகிறது, எடுக்க ஆளில்லை. 'மறுபடி அனுப்பு' என்ற பட்டனை வீட்டில் ஆளுக்கொரு தடவை அழுத்தியதில் திரையில் இப்போது சிவப்பு எழுத்து வந்துவிட்டது. 'இன்னும் ஒரே ஒரு முறை. அதன் பிறகு நாளைதான் முயல முடியும்.'

நாளை அந்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

*

சித்தப்பா மெக்கானிக்காக வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனியின் சூப்பர்வைசர் வாயில் ஸ்க்ரூ ஒன்றைக் கடித்துக்கொண்டு பேசுகிறவர்.

"மெக்கானிக்கா? அவன் லீவு. நேத்தோட கணக்கு முடிஞ்சது."

"எத்தனை நாள் லீவு?"

"சொல்லலை. கேட்டேன். 'பாத்துட்டு சொல்றேன் சார்'னான். டூல்பாக்ஸைத் துடைச்சு என் கையில கொடுத்துட்டான். சேஃப்டி ஷூவையும் கழட்டி வச்சுட்டு, ரப்பர் செருப்போட நடந்து போனான்."

ரேடியோ மாஜியின் காதோரம் குனிந்தான். "செருப்போட போனா சன்னியாசம். ஷூவோட போனா காதல்."

"வாயை மூடு. சார், வேலை எப்படி?"

"தங்கம். ஆனா ரெண்டு மாசமா சோம்பேறி ஆயிட்டான். மேல் மாடி வேலைன்னா 'வேற ஆளை அனுப்புங்க'ங்கறான். லிஃப்ட் நின்னு போச்சுன்னாதானே நம்மளைக் கூப்பிடறாங்க? அப்ப படியேறித்தானே ஆகணும்? இவன் அடுத்த லிஃப்ட் வர்ற வரைக்கும் கீழேயே நிப்பான். போன வாரம் கிரவுண்ட் ஃப்ளோர் வேலையா கொடுங்கன்னு கேட்டான். லிஃப்ட்டுக்குன்னு தனியா கிரவுண்ட் ஃப்ளோர் எங்கம்மா இருக்கு?"

"போன் பண்ணா எடுக்க மாட்டாரா?"

சூப்பர்வைசர் ஸ்க்ரூவை உள்ளங்கையில் துப்பிக்கொண்டார். "அவன் போன் எப்பவுமே ஊமை. சத்தம் வந்து நான் கேட்டதே இல்லை. ஒரு தடவை ஷாஃப்டுக்குள்ள கையை விட்டிருக்கான், போன் அடிக்குது. வீட்ல இருந்து. என்ன தலை போற காரியம்? கேஸ் சிலிண்டருக்கு வந்த நம்பரைச் சொல்லணுமாம். விரல் போயிருக்கும். அன்னைக்கு நான் திட்டினதுல சத்தத்தை அணைச்சவன்தான்."

மாஜி நன்றி சொல்லிவிட்டு இறங்கினாள். ஸ்கூட்டரை எடுக்கும்போது ரேடியோ கணக்கை முடித்துவிட்டான்.

"டூல்பாக்ஸை ஒப்படைச்சாச்சு, ஷூவைக் கழட்டியாச்சு, வேலையில மனசில்லை. ஆள் ஓடிட்டார் மேடம். கேஸை மூடிடலாம்."

"ஓடற ஆள் போனை ஆன்ல வச்சுட்டா ஓடுவான்?"

"எடுக்கத்தான் மாட்டேங்கறாரே."

"எடுக்க மாட்டேங்கறாரா? எடுக்க முடியலையா? இல்ல, போன் இருக்கிற இடத்துல ஆளே இல்லையா? மூணும் வேற வேற கேள்வி. ஏறு."

"முதல் ரெண்டுக்கும் என்கிட்ட பதில் இல்லை மேடம். மூணாவதுக்கும் இல்லை."

*

மாஸ்டரின் வீட்டுக் கூடத்தில், சுவரோரம் பாய் ஒன்று சுருட்டி நிறுத்தப்பட்டிருந்தது. மேசை மேல் லேப்டாப். அதிலிருந்து தள்ளி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மாணவி. முகம் வீங்கியிருந்தது. மாஜி சொன்னபடியே அதைப் பாம்பாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிடைச்சாரா?" என்று கேட்டுக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தாள் மாஸ்டரின் மனைவி. "கிடைச்சிருக்க மாட்டார். எனக்குத் தெரியும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நமக்கு வேணும்னு இருக்கும்போதுதான் இவர் காணாமப் போகணுமா?"

"அவர் ரூம் எது?"

"மாடியில. ஆனா ரெண்டு மாசமா கீழதான் படுக்கை. மேல வெயிலாம். பத்து வருஷமா அடிக்காத வெயில்! கூடத்துல காலை நீட்டிப் படுத்துக்கிட்டா நான் எப்படிப் புழங்கறது?"

மாஜி அந்தப் பாயை ஒரு நொடி பார்த்தாள். ஏதோ நினைவில் உரசியது. பிடிக்குமுன் நழுவிவிட்டது.

"அவர் போட்டோ ஒண்ணு கொடுங்க."

மாஸ்டர், மனைவி, மகள் மூன்று பேரும் போன்களைத் துழாவினார்கள். பிறந்தநாள், கடற்கரை, புது லேப்டாப் பெட்டியோடு மாணவி. எதிலும் சித்தப்பா இல்லை. ஒரு படத்தின் மூலையில் மட்டும் ஒரு கட்டைவிரல்.

"எடுக்கிறவன் படத்துல வரமாட்டான் மேடம்" என்றான் ரேடியோ. "என் கல்யாண ஆல்பத்துலயே பாதிப் படத்துல நான் இல்லை."

"சரி, அவர் நம்பரைக் காட்டுங்க."

மாஸ்டர் நீட்டினார். திரையில் 'தம்பி பேங்க்' என்றிருந்தது. மனைவியின் போனில் 'கேஸ் நம்பர்'. மாணவி தன் போனைக் கொடுக்கத் தயங்கினாள். மாஜி மெல்ல வாங்கிப் பார்த்தாள். 'ஓடிபி சித்தப்பா'.

"விளையாட்டுக்குத்தான் மேடம்" என்றாள் பெண், தரையைப் பார்த்து. "அவருக்கே தெரியும். சிரிச்சார்."

"கரண்டு பில்லு, பேங்கு, கேஸு, எல்லாத்துக்கும் அவன் நம்பர்தான்" என்றார் மாஸ்டர். "எனக்கு இந்த மெஷினெல்லாம் பிடிபடாது. கிளட்சுன்னா சொல்லுங்க. அவன் பொறுமையா செய்வான், கொடுத்துட்டோம்."

"காலையில போகும்போது பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. முதல் கிளாஸுக்குக் கிளம்பிக்கிட்டிருந்தேன். வாசல்ல நின்னு ஏதோ சொன்னான்."

"என்ன சொன்னார்?"

மாஸ்டரின் கால் தரையை அழுத்தியது. எடுத்தது. மறுபடி அழுத்தியது.

"நான்... கேட்டைச் சாத்திட்டுப் போன்னு சொன்னேன்."

"நீங்க சொன்னதைக் கேக்கலை. அவர் சொன்னதைக் கேட்டேன்."

மாஸ்டர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

மாஜி லேப்டாப்பின் முன்னால் போய் உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டராக இருந்தபோது எத்தனையோ பூட்டுகளை உடைத்திருக்கிறாள். இதற்குக் கடப்பாரை கிடையாது. இதை மிரட்ட முடியாது, இதன் அம்மாவைக் கூட்டிவந்து பேச வைக்க முடியாது. 'இது நீங்கள்தானா?' என்று அது மரியாதையாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஸ்டேஷன்ல நம்பர் கொடுத்தா போன் இருக்கிற இடத்தைச் சொல்ல மாட்டாங்களா?" என்றாள் மனைவி.

"சொல்லுவாங்க. மனு கொடுத்து, கையெழுத்து வாங்கி... உங்க பேரப்பிள்ளை பரீட்சைக்குள்ள வந்துடும்" என்றான் ரேடியோ.

மாணவி வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். ரேடியோ முதல் தடவையாகத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். மாஜி செய்வதற்கு ஒன்றுமில்லாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே இருந்தாள். அதன் கீழ் மூலையில், விசிறி மாதிரி ஒரு சின்னக் குறி. மூன்று வளைவில் இரண்டு வெள்ளையாக இருந்தன.

"இங்க எந்தக் கம்பெனி நெட்டு?" என்று கேட்டாள்.

"நெட்டா? அதெல்லாம் எதுக்குன்னு நாங்க எடுக்கவே இல்லை" என்றாள் மனைவி.

மாஜி நிமிர்ந்தாள்.

"வீட்ல நெட்டே இல்லையா?"

"இல்லை."

"அப்புறம் இது எப்படி நம்பர் அனுப்புச்சு? எதுல போச்சு? ஜன்னல் வழியா புறாவா?"

மாஸ்டர் விழித்தார். "புது லேப்டாப்பு மேடம். விலையும் அதிகம். நெட்டும் உள்ளேயே போட்டுத் தருவாங்கன்னு நினைச்சேன்."

"ஸ்டெப்னி மாதிரியா?" என்றான் ரேடியோ.

மாணவி கண்ணைத் துடைத்தாள். "சித்தப்பாதான் கனெக்ட் பண்ணிக் கொடுத்தார். பேரு ஏதோ எழுத்தும் நம்பருமா இருந்தது. பக்கத்து வீட்டு வைஃபை, கேட்டு வாங்கியிருப்பார்னு நினைச்சேன். அவர்தான் எல்லாத்தையும்..." சொல்லிக்கொண்டிருந்தவளின் கண்கள் விரிந்தன. "ஐயோ. ஹாட்ஸ்பாட்."

"ரேடியோ, இந்த லேப்டாப் காலையில இருந்து மூச்சு விட்டுக்கிட்டிருக்கு" என்று எழுந்தாள் மாஜி. "யாரோட மூக்கால விடுதுன்னுதான் நாம யாருமே கேக்கலை. நாம ஊரெல்லாம் தேடற போன் இந்த மெஷினுக்கு நெட் கொடுத்துக்கிட்டிருக்கு. அந்தக் காத்து ரெண்டு வீடு தாண்டாது. போன் இங்கேயேதான் இருக்கு!"

"கூப்பிட்டுப் பாக்கலாமே."

"ஊமைன்னு அந்த சூப்பர்வைசர் சொன்னாரே, மறந்துட்டியா? காதால கண்டுபிடிக்க முடியாது. இதைத் தூக்கு. குழந்தையைத் தூக்கற மாதிரி. பட்டன் எதுலயும் விரல் படக்கூடாது."

ரேடியோ லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தான். ஊர்வலம் மாதிரி பின்னால் நால்வர். மாடிப்படியில் ஏறினான். வளைவு ஒன்று குறைந்தது. இறங்கினான். சமையலறையிலும் ஒன்றுதான். வாசலுக்குப் போனதும் குறி துடித்து மங்கியது, மாணவி "அப்பா!" என்று அலறினாள், ரேடியோ அப்படியே பின்பக்கமாக நடந்து உள்ளே வந்தான். மாணவியின் அறை வாசலில் மூன்று வளைவும் வெள்ளையாக எரிந்தன.

"சூடு" என்றான் மெல்ல. கட்டிலைச் சுற்றினான், மேசையைச் சுற்றினான். அலமாரியைத் திறந்து காட்டினார்கள். மாற்றமில்லை. கடைசியில் லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தான்.

"இதுக்கு மேல வெள்ளையா ஆக முடியாது மேடம். என்ன இருக்கு மேல?"

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பரண். பழைய பெட்டிகளுக்கு முன்னால், பளபளக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கறுப்புப் பை.

"அது லேப்டாப்புக்கு ஃப்ரீயா கொடுத்த பை" என்றாள் மனைவி. குரல் தேய்ந்தது. "காலையில மேசை மேல கிடந்துச்சு. காலேஜுக்குக் கொண்டு போறதுக்குள்ள அழுக்காயிடுமேன்னு உறையைப் போட்டு நான்தான்..."

ரேடியோ நாற்காலி மேல் ஏறி இழுத்தான். பையின் பக்கவாட்டு அறை, ஜிப்பு முழுக்க மூடாமல் இருந்தது. உள்ளே பழைய போன். மூலையில் விரிசல் விட்ட கண்ணாடி. தொட்டால் சுட்டது. பேட்டரி சாகக் கிடந்தது.

"பை" என்றார் மாஸ்டர், யாரையும் பார்க்காமல். "பையின்னுதான் சொன்னான். 'அண்ணே, போனைப் பாப்பா பையில வச்சிருக்கேன். நெட்டுக்கும் அதான், நம்பர் கேட்டாலும் அதான். அவகிட்ட சொல்லிடு'ன்னான். நான் சரி சரின்னேன். கேட்டைச் சாத்திட்டுப் போன்னேன்."

அவர் மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"திட்டறது அப்புறம். சார்ஜர்!" என்றாள் மாஜி.

போனுக்கு உயிர் ஏறியது. மாணவியின் விரல் 'மறுபடி அனுப்பு' மேல் போய் நின்றது. மாஜி தலையசைத்தாள். அழுத்தினாள். பூட்டிய போனின் திரையிலேயே ஆறு எண்கள் வந்து விழுந்தன. மாஜி ஒவ்வொன்றாகப் படித்தாள், மாணவி இட்டாள்.

'வணக்கம்' என்றது லேப்டாப், எதுவுமே நடக்காத மாதிரி.

அறைக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே தேர்வு மென்பொருள் திறக்கும் சின்ன மணியோசை கேட்டது. நெட்டுக்காக அந்தப் போன் கதவை ஒட்டியே, தரையில், சார்ஜர் வயரோடு கிடந்தது.

மனைவி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "வரட்டும். வந்ததும் நாலு வார்த்தை கேக்கணும். போனை வச்சுட்டுப் போற ஆள், அப்படி எங்க போனாராம்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றான் ரேடியோ. "இந்தக் காலத்துல போன் இல்லாம ஒரு மனுஷன் எங்க போக முடியும்? வாசல்ல இருந்து எல்லாத்துக்கும் நம்பர் கேக்கறானே."

மாஜி சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு."

"எல்லாத்துக்கும் நம்பர் கேக்கறான்னேன். ஏன் மேடம்? ஜோக்குகூட இல்லையே அது."

மேல் மாடி வேலை வேண்டாம் என்ற மெக்கானிக். அடுத்த லிஃப்ட் வரும்வரை கீழேயே நிற்கிறவன். பத்து வருஷமாக ஏறிய படியை விட்டுவிட்டுக் கூடத்துக்கு இறங்கிவந்த பாய். ரப்பர் செருப்பு. 'பாத்துட்டு சொல்றேன் சார்.' கூடத்தில் நழுவியது இப்போது கையில் வந்து உட்கார்ந்தது.

"வெயில் இல்லை" என்றாள் மாஜி. "சோம்பேறித்தனமும் இல்லை. அவரால படியேற முடியலை."

தரையில் உட்கார்ந்து, வயரை இழுக்காமல், போனின் திரையைத் தொட்டாள். லேப்டாப்பின் குறியீடுகளுக்குக் கீழே வேறு செய்திகள் அடுக்காக நின்றன. எல்லாமே ஒரே இடத்திலிருந்து. காலையிலிருந்து, ஒன்றன் பின் ஒன்றாக, எழுத்து மாறாமல்.

"மேடம்" என்றான் ரேடியோ. அவன் குரலில் விளையாட்டு இல்லை. "நம்ம மாதிரியே அங்கயும் யாரோ மறுபடி அனுப்பு, மறுபடி அனுப்புன்னு அழுத்திக்கிட்டே இருந்திருக்காங்க."

"அங்க ஒரு கவுன்டர் முன்னாடி அவர் நின்னுக்கிட்டிருக்கார். அவருக்கு வர வேண்டிய நம்பர் இங்க வந்துக்கிட்டிருக்கு."

மாஸ்டர் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்தார். அந்த நொடியில் போன் சத்தமில்லாமல் ஒளிர்ந்தது. புதிதாக இன்னொன்று. அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்தார். படிக்கப் படிக்க அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. அழுத்தியது. எடுக்கவே இல்லை.

'இருதய அறுவை சிகிச்சைப் பிரிவு. உங்கள் சேர்க்கையை உறுதி செய்யும் குறியீடு இது. கவுன்டரில் சொல்லவும். பத்து நிமிடத்தில் காலாவதியாகும். நோயாளியுடன் வந்தவர்: யாரும் இல்லை.'